மணி அடித்தால் கதிரையில் ஏறும் பிள்ளைகள்

நான் ஓய்வுபெற்றபோது என்னை வழியனுப்பிய கூட்டத்தில் ஒரு இளைய டீச்சர் மைக்கைப் பிடித்து, "லத்தீபா டீச்சர் அனுப்பின பிள்ளைகள் பெரிய ஸ்கூல் வாசலில் ஒருநாளும் அழுததில்லை" என்று சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பொன்னாடையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தேன். அதை அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். அது வெட்கம்.

கூட்டம் முடிந்ததும் இளைய டீச்சர்மார் சூழ்ந்துகொண்டார்கள். "டீச்சர், நீங்க எப்பிடிப் பழக்கின எண்டு எங்களுக்கு எழுதித் தாங்க. எங்கட புள்ளயள் உம்மாட அபாயாவப் புடிச்சா உடுதுகள் இல்ல" என்றாள் ஒருத்தி. எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் ஒரேயொரு ஜனவரி மாதம்தான் முன்னால் வந்து நிற்கிறது. பிள்ளைகள் அழவில்லை என்பது உண்மைதான். அன்று அழாத பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதையும் நான் எழுதவேண்டும். அல்லாஹ் என் கையைக் கோணாமல் வைத்திருக்கட்டும்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குத் தவறி வீட்டில் இருந்தபோது, எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கு நேசறி நடத்திய பரீதா டீச்சர் உம்மாவிடம் வந்து, "இந்தப் புள்ளய எனக்குத் தாங்க" என்று கேட்டார். கல்முனையில் சில மாதங்கள் பயிற்சி. பாட்டு, காகிதம் வெட்டுவது, களிமண் உருட்டுவது. மற்றதெல்லாம் பரீதா டீச்சருக்குப் பின்னால் நின்று பார்த்துப் பழகியது.

அவர் காலையில் வாசலில் நிற்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் குனிந்து, கண்ணைப் பார்த்து சலாம் சொல்வார். பிள்ளை பதில் சொல்லும்வரை நிமிரமாட்டார். மூன்று வயதுப் பிள்ளையையும் "நீங்க" என்றுதான் கதைப்பார். கோபம் வந்தாலும் சத்தம் உயராது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முக்காட்டின் ஓரத்தால் துடைப்பார். அப்போது நாங்கள் மூச்சையும் மெதுவாக விடுவோம். பிள்ளைக்கு ஒன்று தெரியும் என்று நாங்கள் சொன்னால் ஏற்றுக்கொள்ளமாட்டார். "செஞ்சு காட்டுங்க" என்பார். எங்களுக்கும் அதே சட்டம்தான்.

பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையை எப்படித் தயார்படுத்துவது என்பதில் அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. எழுத்து அதில் கடைசி. முதலில் தண்ணீர்ப் போத்தலின் மூடி. அதைத் தானே திறக்கத் தெரியாத பிள்ளை, வகுப்பில் கேட்க வெட்கப்பட்டு நாள் முழுவதும் தாகத்தோடு இருக்கும். பிறகு சாப்பாட்டுப் பெட்டி. பிறகு காற்சட்டைப் பொத்தான். கழிப்பறையில் வாளியிலிருந்து தண்ணீர் அள்ளி, உடுப்பு நனையாமல் கழுவுவது. பிறகு பெயர். இது வேடிக்கையாக இருக்கும், ஆனால் வீட்டில் 'சின்ன மனே' என்றே கூப்பிடப்பட்ட பிள்ளைக்குத் தன்னுடைய உண்மையான பெயர் தெரியாது. பெரிய பள்ளியில் டீச்சர் பெயர் இடாப்பைப் பார்த்து 'முஹம்மது அஸ்ஜத்' என்று கூப்பிடுவார். அஸ்ஜத் யார் என்று அஸ்ஜத்தும் திரும்பிப் பார்ப்பான்.

கடைசியாக, வருட முடிவில் பிள்ளைகளைப் பெரிய பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவோம். அங்குள்ள கதிரையில் இருந்து பார்க்கவேண்டும், அங்குள்ள கழிப்பறைக்குப் போய் வரவேண்டும். பிறகு அதிபரிடம் கேட்டு, ஒவ்வொரு பிள்ளையும் ஒருதரம் அந்த மணியை அடிக்கவேண்டும். "ஸ்கூல்ல ஆக சத்தமான சாமான் மணிதான். அதப் புள்ளட கையில குடுத்துட்டா மத்ததுக்குப் பயப்படாது" என்பார் பரீதா டீச்சர். மணி அடித்துவிட்டு வரும் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்கவேண்டும். பள்ளிக்கூடத்தையே வாங்கிவிட்டதுபோல் இருக்கும்.

சுனாமி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நேசறிக்கு விடுமுறை. கடற்கரைத் தெருவில் இருந்த எங்கள் கட்டிடத்தில் சீமெந்துத் தரை மட்டும் மிஞ்சியது. அடுத்த மாதம் பெரிய பள்ளிக்கூடம் போக இருந்த பிள்ளைகளில் யார் யார் கடலோடு போனார்கள் என்று எண்ண எனக்கு இன்றைக்கும் மனமில்லை. என்னுடைய தங்கையும் போனாள். பரீதா டீச்சருக்கு வீடு போனது, வீட்டில் இருவர் போனார்கள், ஒரு கால் பழுதானது. அதன்பின் அவர் மகளோடு போய் இருந்துகொண்டு, மாதத்தில் ஒருநாள் மட்டும் நேசறியைப் பார்க்க வருவார். நேசறி என் பொறுப்பில் வந்தது.

முதலில் கூடாரம். பிறகு பெரிய றோட்டுக்கு மேற்கே, வயல் ஓரத்தில் சுனாமி வீட்டுத் திட்டத்தில் ஒரு மண்டபம் கிடைத்தது. கூடாரத்தில் இருந்த காலத்தில் பிள்ளைகளே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். ஒருவன் "கடல் வருகுது" என்று கத்துவான், மற்றவர்கள் ஓடிக் கதிரையில் ஏறுவார்கள். நான் ஏசினேன். உதவி நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த அம்மா ஒருவர், "தடுக்காதீர்கள், அவர்கள் பயத்தை இறக்கி வைக்கிறார்கள்" என்றார். அவர் சொன்னது சரிதான். சில மாதங்களில் பிள்ளைகள் அதை விட்டுவிட்டார்கள்.

பிள்ளைகள் விட்ட விளையாட்டை நான் கையில் எடுத்தேன்.

ஒருநாள் வெளியே விளையாடப் போனவர்கள் எத்தனை தரம் மணி அடித்தும் உள்ளே வரவில்லை. எனக்குத் தலையிடி. சலித்துப்போய், மணியை அடித்துக்கொண்டே, "கடல் வருகுது! ஏறுங்க பாப்பம்!" என்றேன். ஒரு மூச்சில் அத்தனை பேரும் கதிரையில். முதலில் ஏறின பிள்ளைக்கு ஒரு டொபி மிட்டாய் கொடுத்தேன். அடுத்த நாளும் அப்படியே. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மணி, ஒரு சொல், சிரிப்பு, டொபி. பிறகு எல்லோரும் இறங்கி அமர்ந்து கைகட்டுவார்கள். வருடங்கள் போக, சுனாமியைக் காணாத பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கு அது வெறும் விளையாட்டு. வீடுகளிலும் அப்படித்தான் இருந்தது. சோறு தின்னாத பிள்ளைக்கு முன்பு கோணிபில்லா வருவான் என்று பயம் காட்டிய ஊர், இப்போது கடல் வரும் என்று காட்டியது.

பரீதா டீச்சர் வரும் நாட்களில் நான் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. ஏன் என்று அன்று என்னை நானே கேட்டுக்கொள்ளவும் இல்லை. தங்கையைக் கொண்டுபோன சொல்லை, தினமும் சொல்லிச் சொல்லிப் பல்லில்லாததாக்க எனக்கும் ஒரு ஆசை இருந்திருக்கலாம். அல்லாஹ் அறிந்தவன்.

யுத்தம் முடிந்த வருடம். எங்கள் நேசறியில் ஹிமாயா என்று ஒரு பிள்ளை இருந்தாள். சுனாமியின்போது கைக்குழந்தை. நல்ல கெட்டிக்காரி. போத்தல், பொத்தான், பெயர் எல்லாம் அவளுக்குத்தான் முதலில் வரும். கதிரையில் ஏறுவதிலும் அவள்தான் முதல். அவளுடைய உம்மா றிஸ்வானா, மூத்த மகனைக் கடலுக்குக் கொடுத்தவள். மேற்கே குடிவந்த பிறகு பெரிய றோட்டைத் தாண்டிக் கிழக்கே ஒருநாளும் போகாதவள். சந்தைக்குப் போனாலும் றோட்டின் இந்தப் பக்கத்தோடு திரும்பிவிடுவாள். பெரிய பள்ளிக்கூடமோ கடலோரத்தில் இருந்தது.

வருட முடிவில் றிஸ்வானா வந்து மண்டப வாசலில் நின்றாள்.

"டீச்சர், இவ இன்னொரு வருசம் உங்கட்டயே இருக்கட்டும்."

"என்னகா கதைக்கிற? அவக்கு ஸ்கூலுக்குப் போற வயசு வந்துட்டு."

"சின்னப் புள்ளதானே."

"சின்னப் புள்ளயா? இவதான் எனக்கே பாடம் எடுக்கிறா."

அவள் சிரிக்கவில்லை. "கடலுக்குக் கிட்ட டீச்சர்" என்றாள்.

"இஞ்ச பாரு மகள். ஊருல எல்லாப் புள்ளயும் அங்கதான் போகுது. ஹிமாயா அழமாட்டா, பயப்படமாட்டா. என்ட பொறுப்பு."

"பொறுப்பு எண்டு சொல்றீங்க?"

"ஓம். என்ட பொறுப்பு."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையாட்டினாள்.

அந்த வருடமும் பிள்ளைகளைப் பெரிய பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே பரீட்சை நடந்துகொண்டிருந்தது. "சத்தம் போடாமப் பாத்துட்டுப் போங்க டீச்சர், மணி கிணி ஒண்டும் வேணாம்" என்றார் அதிபர். கதிரை, கழிப்பறை எல்லாம் பார்த்தோம். மணியை மட்டும் யாரும் தொடவில்லை. முதலாம் வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே மதில், மதிலுக்கு மேலே நீலமாக ஒரு கோடு. ஹிமாயா எட்டிப் பார்த்தாள்.

"அதுவா டீச்சர் கடல்?"

"ஓம்."

"அது எப்ப வரும்?"

பக்கத்தில் நின்ற பையன், "நீ மணி அடிச்சா வரும்" என்றான். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரிசையாக நிற்கவைத்துத் திரும்பக் கூட்டிவந்தேன்.

ஜனவரியில் கால்கோள் விழா. புதுப் பிள்ளைகளுக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் காகித மாலை போட்டு, கையைப் பிடித்து வகுப்புக்குள் கூட்டிப்போனார்கள். வெள்ளை உடுப்பு, வெள்ளைப் பர்தா, முதுகை மறைக்கும் புத்தகப் பை. தாய்மாரும் தகப்பன்மாரும் வாசற்கதவுக்கு வெளியே நின்றார்கள். றிஸ்வானாவும் வந்திருந்தாள். புருஷனின் சட்டைக் கையைப் பிடித்தபடி, கடல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் முதலாம் வகுப்பு ஜன்னலோரம் நின்றேன். என் பிள்ளைகள் ஒருவரும் அழவில்லை. வேறு நேசறிப் பிள்ளைகள் அழுதார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பு டீச்சர், "உங்கட புள்ளயள் தங்கம் டீச்சர்" என்றார்.

அப்போது மணி அடித்தது.

எங்கள் கைமணி போன்றதல்ல அது. மரத்தில் தொங்கும் இரும்புத் துண்டு. அடித்தால் பல்லுக்குள் கூசும். ஹிமாயா பையைப் போட்டுவிட்டுக் கதிரையில் ஏறினாள். ஜன்னலைப் பார்த்தாள். கதிரையிலிருந்து மேசைமேல் ஏறினாள். பிறகு, எங்கள் மண்டபத்தில் எப்படிக் கத்துவாளோ அப்படியே, முழுத் தொண்டையில் கத்தினாள்.

"கடல் வருகுது! ஏறுங்க! கடல் வருகுது!"

என் பிள்ளைகள் எல்லோரும் ஏறினார்கள். சேர்ந்து கத்தினார்கள். மற்றப் பிள்ளைகள் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். பக்கத்து வகுப்பு எழும்பியது. வாசற்கதவில் நின்றவர்களுக்கு, பள்ளிக்கூடத்துக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் குரலில் அந்த ஒரு சொல்தான் கேட்டது.

அதன்பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை. தெருவில் நின்றவர்கள் மேற்கே ஓடினார்கள். பெற்றோர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே, கடல் பக்கமாகப் பிள்ளைகளைத் தேடி ஓடினார்கள். முதலில் ஓடிவந்தவள் றிஸ்வானா. கதவில் நெரிபட்டு ஒரு வயோதிபருக்குக் கை முறிந்தது. ஒரு பிள்ளைத்தாய்ச்சி விழுந்தாள். அல்லாஹ்வின் கிருபையால் அவளுக்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், கடல் அமைதியாக இருக்கிறது, ஓடவேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஊர் ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஜன்னலைப் பிடித்தபடி நின்றேன். ஹிமாயா மேசைமேல் நின்று என்னைக் கண்டுவிட்டாள். அவளுக்குத் துளியும் பயமில்லை. முகம் நிறையச் சிரிப்பு.

"டீச்சர்! நான்தான் முதல்ல ஏறின!" என்று கையை நீட்டினாள்.

டொபிக்கு.

அந்தக் கை நீண்டபடி இருக்கும்போதே றிஸ்வானா வந்து அவளை மேசையிலிருந்து பறித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். என்னைக் கடந்துதான் ஓடினாள். அவள் காலில் செருப்பு இல்லை. கூட்டம் கலைந்த பிறகு பார்த்தேன், வாசற்கதவடியில் குவியலாகச் செருப்புகள். ஊரில் எத்தனையோ பேர் அந்தக் குவியலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்படி ஒரு குவியலை அவர்கள் முன்பும் கண்டிருந்தார்கள்.

அதிபர் பிள்ளைகளை விசாரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மணி அடிச்சா கடல் வரும் எண்டா படிச்சுக் குடுத்த நீங்க?" என்றார். "நேசறி எண்டு வெச்சிருக்கீங்களா, சேர்க்கஸ் எண்டு வெச்சிருக்கீங்களா?" என்றார். வாயிலில் நின்ற தாய்மார் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

மறுநாள் பரீதா டீச்சர் கைத்தடியோடு வந்தார். நேசறி இன்னும் தொடங்கவில்லை, மண்டபம் வெறுமையாக இருந்தது. பிள்ளைகள் இருக்கும் சின்னக் கதிரையொன்றில் சிரமப்பட்டு அமர்ந்தார்.

"செஞ்சு காட்டுங்க."

"என்னத்த டீச்சர்?"

"புள்ளயளுக்கு என்ன செய்வீங்களோ, அத. மணிய எடுங்க."

எடுத்தேன். அடித்தேன். மணி விட்டு விட்டு ஒலித்தது.

"பொறகு?"

வாய் திறக்கவில்லை. எத்தனையோ வருடங்கள் தினமும் சிரித்துக்கொண்டு சொன்ன சொல்.

"ஏன், வருகுதில்லயா?"

"வெக்கமா இருக்கு டீச்சர்."

"நான் மாசா மாசம் வந்தன். ஒருநாளும் இத எனக்குச் செஞ்சு காட்டல்ல நீங்க."

கண்ணாடியைக் கழற்றினார். முக்காட்டின் ஓரத்தால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்ட வீட்டால ரெண்டு ஜனாஸா போன. உங்கட வீட்டாலயும் ஒண்டு போன. நமக்கு முன்னால சொல்ல வெக்கப்படுற சொல்ல, புள்ளயள்ற காதுல போடலாமா லத்தீபா?"

நான் அழுதேன். அவர் அழவிட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழும்பினார்.

"றிஸ்வானாட வீட்ட போங்க. தனியப் போங்க. நான் வந்தா அவ என்ட முகத்துக்காக மாப்புத் தந்திருவா. அது உங்களுக்குப் போதாது."

போனேன். றிஸ்வானா முற்றத்தில் சுளகோடு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இருங்க என்று சொல்லவில்லை. உள்ளேயிருந்து ஹிமாயா ஓடிவந்தாள். "டீச்சர், என்ட டொபி?" என்றாள். "உள்ள போ" என்றாள் தாய். அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். பிள்ளை போய்விட்டாள்.

"மாப்புத் தா மகள். பொறுப்பு எண்டு சொல்லிட்டு..."

"டீச்சர்" என்று இடைமறித்தாள். சுளகை நிறுத்தவில்லை. "அண்டைக்கு நான் அடுப்படியில நிண்ட. என்ட மகன் கடப்படி வாசல்ல நிண்டு கத்தினான். 'உம்மா, கடல் வருகுது, கடல் வருகுது' எண்டு. நான் என்ன சொன்ன தெரியுமா? 'சும்மா வெளாடாதடா' எண்டு சொன்ன. அதுக்கு முந்தி கடல் வாற எண்டு ஆரு கேள்விப்பட்ட? வெளாட்டு எண்டுதான் நினைச்ச."

சுளகு நின்றது.

"அவன்ட சொல்ல நான் நம்பல்ல. இனிமேல் ஆரு அந்தச் சொல்லச் சொன்னாலும் நான் நம்பித்தான் ஆகணும் டீச்சர். அதுதான் அவனுக்கு நான் செய்யிற ஒரே கடமை. அத நீங்க வெளாட்டாக்கி என்ட மகள்ற வாயிலயே வெச்சிட்டீங்க."

நான் நின்ற இடத்தில் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்கும் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்ல எனக்குத் தகுதி இருப்பதாகத் தெரியவில்லை.

"புள்ள இனி ஸ்கூலுக்குப் போகாது" என்றாள்.

அதன்பிறகும் போனேன். பலநாள் போனேன். சில நாள் கதவு திறக்காது. திறந்தாலும் பேச்சு இருக்காது. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். ஹிமாயா மட்டும் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு வீட்டு வளவுக்குள் பையோடு நடந்து திரிவாள். அந்த வெள்ளை உடுப்பு என்னை அறைந்ததுபோல் வேறெதுவும் அறைந்ததில்லை. யுத்தம் முடிந்த பிறகு நாவிதன்வெளிப் பக்கம் வயலில் இரவு தங்கி வேலை செய்யத் தொடங்கியிருந்த அவளுடைய வாப்பா ஒருநாள் வீட்டில் இருந்தார். "இந்தா, நேசறி டீச்சர்ர செருப்பு நம்மட வாசல்ல தேஞ்சு முடியப் போகுது. என்னண்டாலும் ஒண்ட சொல்லி அனுப்பு" என்றார் மனைவியிடம்.

றிஸ்வானா மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"நீங்க படிச்சுக் குடுத்தது பிழை எண்டு அவட்டச் சொல்லுங்க. எனக்கு முன்னால சொல்லுங்க."

நான் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தேன், என் முகமும் பிள்ளையின் முகமும் நேராக வரும்படி.

"ஹிமாயா, டீச்சர் உங்களுக்கு ஒண்ட பிழையாப் படிச்சுத் தந்துட்டன். மணி அடிச்சா கடல் வாற இல்ல. கடல் வருகுது எண்டு வெளாட்டுக்குச் சொல்லக் கூடா. டீச்சர் சொன்னது பொய். பொய் சொன்னது பாவம்."

அவள் என்னை நம்பமுடியாமல் பார்த்தாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு டீச்சர் பிழை விடுவது என்பது வானம் இடிந்து விழுவது. தாயைத் திரும்பிப் பார்த்தாள். தாய் தலையாட்டினாள்.

"அப்ப கடல் வராதா டீச்சர்?"

வராது என்று சொல்ல வாய் வந்தது. தாயின் முகத்தைப் பார்த்தேன். இன்னொரு பொய்யைச் சொல்லவா வந்திருக்கிறேன்?

"அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் மகள். ஆனா ஒண்டு. அப்பிடி ஒரு நாள் வந்தா டீச்சர் மணி அடிக்கமாட்டன். உங்கட கையப் புடிச்சுக்கொண்டு ஓடுவன்."

ஹிமாயா என் உடம்பை மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்தாள்.

"உங்களுக்கு ஓட ஏலாதே டீச்சர்."

றிஸ்வானா வாயைப் பொத்தினாள். முடியவில்லை. சிரித்துவிட்டாள். பிறகு அந்தச் சிரிப்பிலேயே அழுதாள்.

ஒரு பின்னேரம் நாங்கள் மூவரும் பெரிய றோட்டைக் கடந்து கிழக்கே போனோம். றிஸ்வானா மகளின் கையை விடவில்லை, நான் அவளுக்கு இந்தப் பக்கம் நடந்தேன். பள்ளிக்கூடம் வெறுமையாக இருந்தது. முன்கூட்டியே போய் அதிபரிடம் கேட்டிருந்தேன். "இனி என்ன கூத்து?" என்றவர், நான் போகாமல் நின்றதைப் பார்த்து, "சரி, அடிக்கட்டும்" என்றார். ஹிமாயாவிடம் இரும்புக் கோலைக் கொடுத்தேன். அடித்தாள். இன்னொருதரம் அடித்தாள். றிஸ்வானா மதிலுக்கு மேலே அந்த நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்றும் வரவில்லை. காகம் ஒன்று எழும்பிப் பறந்தது. "போதும்" என்றாள் தாய்.

அடுத்த காலை ஹிமாயா வகுப்புக்குப் போனாள். நான் மறுபடியும் அந்த ஜன்னலோரம் நின்றேன். மணி அடித்தது. மற்றப் பிள்ளைகள் எழுந்து வெளியே ஓடினார்கள். அவள் எழவில்லை. இரண்டு கையாலும் கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மணியின் அதிர்வு அடங்கும்வரை அப்படியே இருந்தாள். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அந்தப் பிடியைக் கற்றுக்கொடுத்தவள் நான். பல மாதங்கள் அவள் அப்படித்தான் இருந்தாள் என்று வகுப்பு டீச்சர் சொன்னார்.

இளைய டீச்சர்மாரே, உங்களுக்கு எழுதித் தருகிறேன் என்று சொன்னது இவ்வளவுதான். போத்தல் மூடி, பொத்தான், பெயர், மணி; பரீதா டீச்சரின் ஒழுங்கை அப்படியே செய்யுங்கள். மணியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அது அடிக்கும்போது நீங்கள் பேசாமல் நில்லுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சில வருடங்களுக்குப் பிறகு ஒரு மத்தியானம் உண்மையாகவே எச்சரிக்கை வந்தது. எங்கோ தூரத்தில் நில அதிர்வு, கரையில் உள்ளவர்கள் விலகுங்கள் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊர் முழுவதும் மேற்கே நடந்தது, ஓடியது. என் வீட்டார் முன்னே போய்விட்டார்கள் என்று நினைத்து நானும், நான் முன்னே போய்விட்டேன் என்று நினைத்து அவர்களும் தவறிப்போனோம். வயல் றோட்டு மதகடியில் என் முழங்கால் விட்டுவிட்டது. மதகுக் கட்டைப் பிடித்தபடி கலிமா சொல்லிக்கொண்டு நின்றேன். கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

கொஞ்சம் முன்னால் றிஸ்வானா மகளின் கையைப் பிடித்தபடி போய்க்கொண்டிருந்தாள். ஹிமாயா திரும்பிப் பார்த்தாள். தாயிடம் என்னவோ சொன்னாள். தாயும் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் கையை ஒருநாளும் விடாதவள், அன்று, அந்த றோட்டில், விட்டாள்.

ஹிமாயா கூட்டத்துக்கு எதிராக ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"வாங்க டீச்சர்."

"இது வெளாட்டில்ல மகள்" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்க மணி அடிக்கல்லதானே."

அன்று கடல் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அவள் என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள், நான் மண்ணைப் பார்த்தபடி நடந்தேன்.